கேளாதவர் பங்கு

பொதுப்பொருள் ஒன்றைப் பலர் பகிர்ந்து நுகருமிடத்தில் எழும் வழக்குகள் இருவகைப்படும். கேட்டவருக்குக் கேட்டபடி கிடைத்ததா என்பது ஒன்று. ஏதும் கேளாமல் இருந்தவருக்கு என்ன கிடைத்தது என்பது மற்றொன்று. முன்னதை வழக்காட ஆள் உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் வாதியே இருப்பதில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்னும் பழமொழி அழாத பிள்ளையின் கதையைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. பாகப்பிரிவினையின்போது வெளியூரில் இருந்த தம்பியின் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று குடும்பத்துப் பெரியவர்கள் தயங்கியதுண்டு. கணினித் துறையிலும் இதே தயக்கம் நேர்ந்தது. அங்கே ஏட்டில் எதையும் எழுதாமல் விட்டதனால் விளைந்த பிழையும், அது திருத்தப்பட்ட வரலாறும் அறியத்தக்கவை.

பகிர்ந்து நுகர்தலின் இடர்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுங்காலமாகவே அறியும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி 1886-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, அது முதலில் ஆற்றின் இக்கரையிலுள்ள புக்கிட் கூடாவோடு நின்றது. பாலம் அமைந்து, 1890-ஆம் ஆண்டில்தான் கிள்ளான் நகரை எட்டியது. ஒற்றைத் தடத்தில் ஒரு வண்டி வரும்போது எதிர்வண்டி நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். இரும்புத் தடம் எத்துணை உறுதியாயினும், வண்டி எத்துணை விரைவாயினும், யார் எப்போது ஒதுங்குவது என்னும் ஒழுங்கு இல்லாவிடில் பயணம் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்த இரயில்வே ஊழியர்களுள் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. அவர்கள் நாள்தோறும் காத்த ஒழுங்கு அதுவே. வண்டிகள் பல, தடம் ஒன்று என்னும் அந்நிலையை மனத்திற்கொண்டால் இனி வருவது எளிதில் விளங்கும்.

மலேசியாவிற்குக் கணினி வந்தது 1966-ஆம் ஆண்டில். தேசிய மின்சார வாரியம் ஐ.பி.எம். 1401 என்னும் பொறியை நிறுவியது. அந்தப் பொறிவகையின் நினைவகம் மிகுதியாகப் போனால் 16,000 எழுத்துகளைத்தான் கொள்ளும். இந்தக் கட்டுரையின் முழு எழுத்துகளையும் அதில் அடைத்தால் நெருக்கடி ஏற்படும். அட்டைகளில் துளையிட்டு ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். அது முடிந்த பின்னரே அடுத்த வேலை. ஒரு நேரத்தில் ஒருவருக்கே பொறி முழுவதும் உரியதாகையால் பங்கீட்டுச் சிக்கல் எழவில்லை. வரிசையில் காத்திருக்கும் சிக்கல் மட்டுமே இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் மையத்தில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும்படி செய்ய வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப்பொறி இருப்பதாகவே உணர வேண்டும். ராபர்ட் கிரீசியும் லெஸ் காமோவும் முன்னின்று உருவாக்கிய சி.பி.-40 என்னும் அமைப்பு 1967-ஆம் ஆண்டு சனவரியில் முழுப் பயன்பாட்டிற்கு வந்தது. ஒரு மெய்ப்பொறிக்குள் 14 மெய்நிகர்ப் பொறிகள் வரை அதில் இயங்கின. இக்கருத்து வளர்ந்து, 1972-ஆம் ஆண்டில் வி.எம்./370 என்னும் பெயரில் வணிகப் பொருளாயிற்று. 1974-ஆம் ஆண்டில் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் எத்தகைய பொறியில் மெய்நிகராக்கம் இயலும் என்பதற்கு இலக்கணம் வகுத்தனர். இலக்கியம் தோன்றிய பின்னர் இலக்கணம் தோன்றும் என்னும் தமிழ்மரபு இங்கும் பொய்க்கவில்லை.

பின்னர் ஓர் இடைவெளி. சிறு கணினிகள் மலிந்த 1980-களில், ஆளுக்கொரு பொறி இருக்கையில் பகிர்வானேன் என்று மெய்நிகராக்கத்தைப் பலரும் மறந்தனர். 1998-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம் அடுத்த ஆண்டிலேயே சாதாரண மேசைக் கணினியில் அதனை மீட்டுக் காட்டிற்று. 2003-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து சென் வந்தது. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கே.வி.எம். லினக்ஸ் கெர்னலின் ஓர் உறுப்பாயிற்று. இவற்றையெல்லாம் ஒரே முறையில் ஆளுவதற்கென லிப்விர்ட் என்னும் நிர்வாக மென்பொருள் 2005-இல் தொடங்கி வளர்ந்தது. ஒரு மெய்நிகர்ப் பொறிக்கு எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம், எந்த வட்டு என்பனவற்றை ஓர் ஏட்டில் எழுதிக் கொடுத்தால், அதன்படி பொறியை எழுப்பித் தருவது அதன் பணி. தோட்டத்துக் கிராணி பெயர்ப்பதிவு வைத்து ஆள்களைப் பிரித்தனுப்பியதைப் போன்றது எனலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இம்மாற்றம் நிலத்தின்மேலேயே தெரிந்தது. பல்லூடகப் பெருவழித் திட்டம் 1996-இல் தொடங்கப்பட்டது. சைபர்ஜெயா 1997-இல் திறந்துவைக்கப்பட்டது. அதனையடுத்துள்ள புத்ராஜெயா எழுந்த நிலம், பிராங் புசார் முதலிய தோட்டங்களாக இருந்தது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய அந்த மண்ணின் அருகே தரவு மையங்கள் எழுந்தன. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமேசான் நிறுவனமும், 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனமும் மலேசியாவில் தத்தம் மேகக்கணிமை வட்டாரங்களைத் திறந்தன. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்து பாடம் பயின்ற மாணவர் ஒவ்வொருவரும் எங்கோ ஒரு தரவு மையத்தின் மெய்நிகர்ப் பொறியைத்தான் தட்டினர். கிள்ளானில் ஒரு மாணவி திறந்த பாடமும், யாரோ ஒருவரின் கணக்குப் பதிவும், வேறொருவரின் படத் தொகுப்பும் ஒரே மெய்ப்பொறிக்குள் அண்டை வீடுகளாக இருந்திருக்கக்கூடும். ஒருவரை ஒருவர் அறியார். அறியாத அண்டை வீட்டாருக்கிடையே பொதுச்சுவர் மட்டுமன்றிப் பொதுவழியும் உண்டு என்பதே சிக்கலின் ஊற்று.

அந்தப் பொதுவழி எது? மையச் செயலிகளைப் பிரித்துக் கொடுக்கலாம். நான்கு உட்கருக்கள் இவருக்கு, நான்கு அவருக்கு. நினைவகத்தையும் அளந்து வகுக்கலாம். ஆயினும் செயலியிலிருந்து நினைவகத்திற்குச் செல்லும் பாதை அனைவர்க்கும் பொது. இப்பாதையின் குறுக்கத்தை ஜான் பேக்கஸ் 1977-ஆம் ஆண்டில் தம் டியூரிங் பரிசுரையில் சுட்டினார். கணினியின் செயலியும் நினைவகமும் எத்துணைப் பெரியவையாயினும், இடையிலுள்ளது ஒரு குப்பியின் கழுத்தே என்பது அவர் கருத்து. 1994-இல் வுல்ஃப், மெக்கீ ஆகிய இருவர், செயலியின் விரைவு வளரும் வேகத்திற்கு நினைவகத்தின் விரைவு வளராமையால் ஒரு நாள் சுவரில் முட்ட நேரும் என்றனர்.

எண்களால் பார்த்தால் இது தெளிவாகும். 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் சியான் பெருஞ்செயலி ஒன்றில் 28 உட்கருக்கள் வரை உண்டு. நினைவகத்திற்குச் செல்லும் தடங்கள் 6. தடம் ஒன்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 21.3 கிகாபைட் வீதம், எல்லாம் சேர்ந்து 128 கிகாபைட். சமமாகப் பகிர்ந்தால் உட்கரு ஒன்றுக்கு நொடிக்கு நாலரை கிகாபைட் அளவே வரும். தனித்து ஓடும் ஓர் உட்கருவோ அதைப்போல் இருமடங்குக்கு மேலும் இழுக்க வல்லது. ஆகவே பேராசை கொண்ட சில பொறிகள் போதும். ஏனையவை மடையடைத்த வாய்க்காலாய் வற்றிவிடும். ஏரிப்பாசன ஊர்களில் தலைமடைக்காரன் மதகை முழுதும் திறந்துகொண்டால் கடைமடைப் பயிர் கருகும். அதனால்தான் அங்கே நீர்க்கட்டி என்றொருவரை வைத்து முறை வைத்தனர். கணினியில் நீர்க்கட்டி நெடுங்காலம் இல்லை. அண்டையார் மிகுதியாக இழுப்பதனால் தன் பொறி மந்தமாகிறது என்பதை வாடிக்கையாளர் அறியவும் வழியில்லை. அவர் ஏட்டில் செயலி நான்கு என்றே இருந்தது. நான்கும் உண்மையில் இருந்தன. வேலை மட்டும் நடக்கவில்லை.

பங்கீட்டுக் கணக்கில் முன்பே சிறந்த சிந்தனை ஒன்று தோன்றியிருந்தது. வி.எம்.வேர் நிறுவனத்தில் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு மெய்நிகர்ப் பொறிக்கும் பங்குகள் அளித்தார். பயன்படுத்தாமல் வெறுமனே வைத்திருக்கும் நினைவகத்திற்கு வரி விதித்தார். வரி வீதம் யாரும் குறிப்பிடாவிடில் 75 விழுக்காடு. நிலத்தைத் தரிசு போட்டவனிடம் வரி பிரிப்பதை ஒத்த இந்த ஏற்பாடு நினைவகத்தின் இடத்திற்கே உரியது. அதற்குச் செல்லும் பாதைக்கு அன்று. பாதையை அடைப்பதற்குச் செயலியின் உள்ளேயே ஒரு தாழ் வேண்டியிருந்தது.

அத்தாழ் 2017-இல் மேற்சொன்ன சியான் செயலிகளோடு வந்தது. நினைவகப் பாதைப் பங்கீடு என்று அதனைத் தமிழில் வழங்கலாம். ஒவ்வோர் உட்கருவும் நினைவகத்தை நாடி அனுப்பும் வேண்டுகோள்களை இடையிடையே நிறுத்தி அனுப்புவதே அதன் செயல். 100 என்றால் தடையில்லை. 10 என்றால் பெருந்தடை. ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும்: இது இவ்வளவு கிடைக்கும் என்னும் உறுதிமொழி அன்று, இதற்குமேல் செல்லாதே என்னும் வரம்பு மட்டுமே. ஒருவருக்கு 60 என்று எழுதினால் அவருக்கு 60 கிடைத்தே தீரும் என்று பொருளில்லை. பலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். பின்னால் விளைந்த குழப்பத்தில் பாதிக்கு இதுவே காரணம்.

2017-ஆம் ஆண்டு சூலையில் வெளிவந்த லினக்ஸ் 4.12 இத்தாழைக் கைக்கொள்ளும் வசதியைத் தந்தது. அமைப்பு எளியது. ரெஸ்கண்ட்ரோல் என்னும் கோப்புத் தொகுதியில் ஒரு கோப்புறை உருவாக்கினால் அது ஒரு பிரிவு. அதனுள் இருக்கும் ஏட்டில் பாதையின் பங்கை எழுத வேண்டும். யாரையும் தனிப்பிரிவில் சேர்க்காவிடில் எல்லாரும் மூலப்பிரிவில், அதாவது இயல்புப் பிரிவில், இருப்பர். பிரிவுகளுக்குச் செயலி தரும் எண்கள் மிகச் சில. பாதைப் பங்கீட்டைப் பொறுத்தவரை எட்டே என்னும் செயலிகளும் உண்டு. ஒரு பிரிவு கலைக்கப்பட்டால் அதன் எண் அடுத்து வரும் பிரிவுக்குக் கொடுக்கப்படும். 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் லிப்விர்ட் 4.7.0 பதிப்பு இதனைத் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. மெய்நிகர்ப் பொறி எழும்போது பிரிவு தோன்றும். பொறி அணையும்போது பிரிவு மறையும். நாளொன்றுக்கு நூறு முறை நிகழத்தக்க பிறப்பும் இறப்பும் அவை.

பிழை இங்கேதான் ஒளிந்திருந்தது. பிரிவைக் கலைத்தபோது கெர்னல் அதன் எண்ணைத் திரும்பப் பெற்றது. அந்த எண்ணுக்கு நேரே எழுதியிருந்த பங்கை அழிக்கவில்லை. புதிய பிரிவு தோன்றியபோதும் அதில் புதிதாய் ஒன்றும் எழுதவில்லை. எனவே முன்பிருந்த பொறிக்கு 10 என்று வரம்பு வைத்திருந்தால், அது போன பின் அதே எண்ணைப் பெற்ற புதிய பொறியும், ஒன்றும் கேளாத நிலையில், 10-உடனேயே பிறந்தது. முந்தைய குடித்தனக்காரர் வாடகை பாக்கிக்காகத் தண்ணீர்க் குழாயைப் பாதி அடைத்திருந்தார்கள். புதுக் குடித்தனம் வந்த பின்னும் அடைப்பை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. புதியவர் குழாய் இயல்பே இவ்வளவுதான் போலும் என்று எண்ணியிருப்பார். ஏட்டைத் திறந்து பார்த்தாலன்றி உண்மை தெரியாது. திறந்து பார்க்கவோ அவருக்குக் காரணம் இல்லை, ஏனெனில் அவர் எதையும் கேட்கவில்லை.

கேட்டவருக்கு இப்பிழையால் தீங்கு இல்லை என்பதைக் கருத வேண்டும். தமக்கு 60 வேண்டும் என்று எழுதியவரின் எண் பழைய எண்ணின்மேல் எழுதப்பட்டு அதனை அழித்துவிடும். வாய்திறவாதவரே முன்னவர் தண்டனையைச் சுமந்தார். அண்மை நினைவகமாகிய கேஷின் பங்கீட்டில் புதிய பிரிவுக்குத் தகுந்த தொடக்க எண் எழுதும் வழக்கம் முன்னரே ஏற்பட்டிருந்தது. பாதைப் பங்கீட்டிற்கு மட்டும் அது விடுபட்டது. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பெயர்சூட்டு விழா நடத்தி மற்றொன்றை மறந்த கதை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் இதற்கான திருத்தம் அளிக்கப்பட்டு, சூலையில் வெளிவந்த லினக்ஸ் 5.2-இல் இடம்பெற்றது. புதிய பிரிவு உருவாகும்போதெல்லாம் இயல்புப் பங்கை எழுதுக என்பதே அதன் சாரம். சில வரிகளே ஆன திருத்தம். பாதைப் பங்கீடு கெர்னலுக்குள் வந்ததிலிருந்து அச்சில வரிகள் இடம்பெறுவதற்கு ஏறத்தாழ ஈராண்டுகள் ஆயின.

கெர்னல் திருந்தியதோடு கதை முடியவில்லை. நிர்வாக மென்பொருளுக்கும் இதில் கடமை உண்டு. ஒரு மெய்நிகர்ப் பொறி கேஷில் மட்டும் பங்கு கேட்டு, பாதையைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருக்கலாம். அதற்கும் தனிப்பிரிவு உருவாகும். பாதைக்கு நேரே ஏதேனும் ஓர் எண் இருந்தாக வேண்டும். இயல்புப் பிரிவின் எண்ணைப் படித்து அதையே புதிய பிரிவுக்கும் படியெடுப்பது பாதுகாப்பான வழி. லிப்விர்ட்டின் மூல நிரலில் இதற்கெனவே ஒரு சிறு செயற்கூறு உள்ளது. நல்லதுதான். ஆனால் நல்லதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது.

லிப்விர்ட், புதிதாய் ஒருவர் 60 கேட்கும்போது, அவ்வளவு மீதமுள்ளதா என்று கூட்டிக் கழித்துப் பார்க்கிறது. இல்லையேல் இடமில்லை என்று மறுக்கிறது. கேளாதவரின் ஏட்டில் படியெடுத்த எண்ணோ 100. இந்த 100-ஐச் செலவாகிய பங்கு என்று கணக்கிட்டால், மீதம் சுழி. ஒன்றுமே கேளாத ஒருவர் அனைத்தையும் எடுத்துக்கொண்டதாகக் கணக்கு சொல்லும். உண்மையில் கேட்ட அடுத்தவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். 100 என்னும் எண்ணுக்கு இரு பொருள் இருப்பதே இதன் வேர். ஒன்று, முழுவதும் எனக்கு என்பது. மற்றொன்று, எனக்கு வரம்பு வைக்கவில்லை என்பது. வழிப்போக்கன் பொதுச்சாலையில் நடப்பதும் சாலையை விலைக்கு வாங்குவதும் ஒன்றாகா. இயல்பாய் வந்த 100-ஐயும், கேட்டுப் பெற்ற 100-ஐயும் பிரித்தறியாத கணக்கு எவ்வளவு துல்லியமாகக் கூட்டினாலும் தவறாகவே முடியும். ஆகவே இத்தகைய நிரலைத் திருத்துவோர் செய்ய வேண்டுவது கூட்டலைச் செம்மை செய்வதன்று. யார் கேட்டனர், யார் கேட்கவில்லை என்பதைக் கணக்கில் தனியே காத்தல்.

வன்பொருளிலும் இதே முரண் ஒரு மூலையில் கிடந்தது. ஓர் உட்கருவில் இரண்டு இழைகள் ஒருங்கே ஓட முடியும். இத்தாழைப் பெற்ற முதற் செயலிகளில் தடை உட்கரு முழுவதற்கும் ஒன்றே. ஓர் இழையின் பிரிவுக்கு 10 என்றும், மற்ற இழையின் பிரிவுக்கு 100 என்றும் இருந்தால், கடுமையான தடையே இரண்டின்மேலும் விழும். குற்றம் செய்தவனோடு ஒரே விலங்கில் பூட்டப்பட்டவன் நிலை. பின்வந்த செயலிகளில் இழைக்கொரு தடை வைக்க வழி செய்யப்பட்டது. அதுவரை, மெய்நிகர்ப் பொறிகளை உட்கரு முழுமையாகப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகி தப்பினார். இழைகளை இரு வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுத்தவரோ ஏட்டில் 100 என்றிருப்பதைப் பார்த்துப் பார்த்து வியந்திருப்பார்.

மூன்று இடங்களிலும் ஊறு நேர்ந்தது விதியை மீறியவர்களால் அன்று. விதி எழுதப்படாத இடத்தில் பழைய எண் ஒன்றோ, கணக்கின் ஊகம் ஒன்றோ, அண்டையாரின் தடை ஒன்றோ வந்து அமர்ந்துகொண்டது. வெற்றிடம் என்று எண்ணப்பட்ட கட்டம் உண்மையில் ஒருபோதும் வெற்றாக இருந்ததில்லை. பதிவேடு எழுதும் பள்ளி ஆசிரியர்கள் இதனை நன்கு உணர்வர்: வருகைப் பதிவில் குறியிடாது விட்ட கட்டத்தைப் பார்ப்பவர் ஒருவர் வந்தான் என்பார், மற்றவர் வரவில்லை என்பார். மாணவன் மட்டும் மூலையில் அமைதியாக அமர்ந்திருப்பான்.

பாதைப் பங்கீடு நெடுநாள் இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளுக்கே உரியதாய்க் கெர்னலின் ஒரு தனி மூலையில் இருந்தது. ஆர்ம் வகைச் செயலிகளுக்கும் ஒத்த வசதி வகுக்கப்பட்டதனால், 2025-ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 6.16-இல் அந்நிரலின் பெரும்பகுதி எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான இடத்திற்கு மாற்றப்பட்டது. பிரிவு பிறக்கும்போது இயல்புப் பங்கை எழுதும் அச்சில வரிகளும் உடன் சென்றன.